மேஸ்திரி துடைத்த வானம்

என் மனைவியை நான் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஸ்டுடியோவில் நான் முகங்களைப் படம் பிடிப்பேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவற்றைப் பூசி மெழுகுவாள். பரு, தழும்பு, சவரம் செய்தபோது பட்ட வெட்டு, கண்ணுக்குக் கீழே கருப்பு, காலரில் தொங்கும் நூல், லென்ஸில் ஒட்டிய தூசி எதுவும் அவள் கையிலிருந்து தப்பாது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துப் போனவர்கள் மறுநாளே திரும்பி வந்து இன்னும் ஒரு டஜன் பிரதி கேட்பார்கள். பாஸ்போர்ட் படத்தில் முகத்தை மாற்றக் கூடாது என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "நான் எங்க மாத்தினேன்? நல்லா தூங்கி எழுந்த மாதிரி ஆக்கினேன், அவ்வளவுதான்" என்பாள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். அவளுக்குக் கோபமே வராது. நான் கத்திக்கொண்டிருக்கும்போது அவள் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

ஸ்டுடியோவுக்கு மேலே வீடு. தெருவைப் பார்த்த அறையில் எங்கள் ஒரே மகள் படுத்திருந்தாள். மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் வேலை, கடலில் இருந்தார். அவளுக்கு ஏழாம் மாதம். பிரசவம் வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும், பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவள் அதற்குக்கூட யோசித்து யோசித்துத்தான் எழுந்திருப்பாள். இரண்டு கைகளையும் சுவரில் வைத்து, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள்போல் நடப்பாள்.

காரணம் இருந்தது. போன தடவை அவள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். வாரா வாரம் கீழே வந்து, நீலத் திரைக்கு முன்னால் பக்கவாட்டில் நின்று, "எடுங்கப்பா, எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்ப்போம்" என்பாள். நானும் எடுத்தேன். பிறகு ஒருநாள் படம் எடுக்க எதுவும் இல்லாமல் போயிற்று. அந்தப் படங்கள் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. திறந்து பார்க்க மனம் வராது, அழிக்கக் கை வராது.

இந்தத் தடவை முதல் நாளே சொல்லிவிட்டாள். "கேமராவை மாடிக்குக் கொண்டு வராதீங்கப்பா." சரி என்றேன். குழந்தை என்ற சொல்லை அவள் வாயால் நாங்கள் கேட்கவே இல்லை. ஒரு சின்னச் சட்டை வாங்க விடவில்லை. மாப்பிள்ளை போனில் பெயர் பற்றிப் பேச்செடுத்தால், "சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிடுவாள். வயிற்றில் இருப்பது நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதை நம்பினால் அது போய்விடும் என்று என் மகள் பயந்தாள். பக்கத்திலேயே இருந்தும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வால்நட்சத்திரம் வந்தது.

ஒருநாள் காலையில் நான் காபியோடு போனபோது, அவளே பேச்சை ஆரம்பித்தாள். "அப்பா, அவர் நேத்து கப்பல் டெக்ல நின்னு பார்த்தாராம். சூரியன் இறங்கினதும் மேற்குல வருதாம். வெறும் கண்ணுக்கே தெரியுதாம், வாலோட."

"அப்படியா?"

"இது போனா நம்ம யார் ஆயுசுலயும் திரும்ப வராதாம். நீங்க அதைப் படம் எடுத்து வைங்கப்பா."

துணி மடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி, "போனைத் திறந்தா அதுதானே வருது. எத்தனை பேர் எடுத்திருக்காங்க" என்றாள்.

"அதெல்லாம் யாரோ எடுத்ததும்மா." அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "பின்னாடி காட்டும்போது, இது தாத்தா எடுத்ததுன்னு சொல்லணும்ல."

மேஸ்திரியின் கையில் துண்டு பாதி மடிப்பில் நின்றது. நான் காபியைக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். என்னை அதுவரை யாரும் தாத்தா என்று சொன்னதில்லை. சொன்னவளுக்கே தான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாங்கள் இருவரும் படியிறங்கினோம். கீழே வந்ததும் மேஸ்திரி, "எப்படியாவது எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். முகத்தைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு அந்தத் துண்டு உதவியது.

வாழ்நாள் முழுக்க முகங்களை எடுத்தவன் நான். தலையைக் கொஞ்சம் தூக்குங்க, தாடையை இறக்குங்க, இங்க பாருங்க என்றால் கேட்கிற ஆட்கள்தான் எனக்குப் பழக்கம். சொன்னால் கேட்காத ஒன்றை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டேன். வெள்ளி நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் பாருங்க மாமா, ரொம்பச் சீக்கிரம் பார்த்தா வெளிச்சத்துல தெரியாது, ரொம்ப லேட்டானா கீழ இறங்கிப் புகையில மறைஞ்சுடும், நடுவுல கொஞ்ச நேரம்தான் என்றார். அந்திப் பொழுதில் பெண் பார்க்கப் போவதுபோல் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, மூன்று கால் ஸ்டாண்டோடு மொட்டை மாடிக்குப் போனேன்.

பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கிற்று. வானம் ஆரஞ்சாகி, அதற்கு மேல் ஒரு வெளிர் பச்சையாகி, மெல்ல நீலமானது. வெள்ளி பளிச்சென்று வந்தது. வலப்பக்கம் பார்த்தேன். கழுத்து சுளுக்கும் வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்; கண்ணாடி இல்லாமலும் பார்த்தேன். வந்ததற்கு எடுத்து வைப்போம் என்று கேமராவை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சம் நேரம் விட்டு ஒரே இடத்தை வரிசையாக எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் வானமும் தொட்டியும்தான் தெரிந்தன. இருட்டியதும் கொசுக்கடியோடு இறங்கி வந்தேன்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்பா" என்றாள் மகள். குரலில் இன்னும் உயிர் இருந்தது.

"ஒண்ணும் விழல, வெறும் வானம்தான்" என்று கேமராவின் மெமரி கார்டை மேஸ்திரியிடம் கொடுத்தேன். "நிறம் நல்லா வந்திருக்கு. பின்னணிக்கு வச்சுக்க." எங்கள் ஸ்டுடியோவில் முகத்துக்குப் பின்னால் போட அருவி, பூந்தோட்டம், புத்தக அலமாரி எல்லாம் உண்டு. அந்தி வானம் வேண்டும் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து அடையாள அட்டை வேலை வந்துவிட்டது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. மூக்கு ஒழுகும் முகங்களை நான் எடுத்துத் தள்ள, அவள் துடைத்துத் தள்ளினாள். நடுவில் நானே பழைய கார்டை அழித்துவிட்டு அதில் படம் எடுத்தேன். படங்கள் கம்ப்யூட்டரில் இறங்கியதும் கார்டைக் காலி செய்ய வேண்டும் என்பது எங்கள் கடையில் நான் போட்ட சட்டம். சாயங்காலம் பார்த்தால் மேற்கே ஒரே மேகம்.

அன்று கடையை மூடும் நேரத்தில் மேஸ்திரி சொன்னாள். "என்னங்க, அந்த லென்ஸைக் கொஞ்சம் பாருங்க. நேத்து குடுத்த வானம் எல்லாத்துலயும் ஒரு கீறல்."

என் லென்ஸைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "என் லென்ஸ்ல கீறலா?" என்று அதைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன். இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். "எங்க இருக்கு, காட்டு பார்க்கலாம்."

"இருந்துச்சு. நான் எடுத்துட்டேன்." அவள் பழைய படங்களை மூடிக்கொண்டே பேசினாள். "ஒரே இடத்துல இருந்தாலாவது ஒரு தடவை துடைச்சா எல்லாப் படத்துக்கும் சேர்த்துப் போயிடும். இது படத்துக்குப் படம் கீழ இறங்கிக்கிட்டே வந்துச்சு. ஒவ்வொண்ணா உட்கார்ந்து துடைச்சேன்."

"இறங்கிச்சா?"

"ஆமா. அந்தத் தொட்டி வரைக்கும். கீழ ஒரு பொட்டு, அதுக்கு மேல மாவைத் தடவின மாதிரி..."

அவள் பேச்சு அத்தோடு நின்றது. என் கையிலும் லென்ஸ் அப்படியே நின்றது. லென்ஸில் விழுந்த கீறல் நகராது. எத்தனை படம் எடுத்தாலும் அதே மூலையில் உட்கார்ந்திருக்கும். அசையாமல் நிற்கிற கேமராவில் ஒரு கீறல் இறங்கிக்கொண்டே வந்தால், அது சூரியன் போன வழியில் போகிற ஏதோ ஒன்று. என் கண்ணுக்கு எட்டாததைக் கேமரா பிடித்து வைத்திருந்தது. மேஸ்திரி அதை மிச்சம் மீதி இல்லாமல் துடைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். மழமழவென்று அழகான வானம். அப்படி ஒரு வேலைப்பாடு. மாவு தடவிய இடம் எது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பழையதன் மேலேயே சேமித்திருந்தாள். கார்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தார்கள்.

கத்துவதற்காக நான் வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையை மடியில் விரித்து வைத்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ முதல் தடவையா ஒண்ணு கேட்டா" என்றாள். "அதை என் கையாலயே துடைச்சிருக்கேன்."

"கார்டை அழிச்சது நான்தானே" என்றேன். "வெறும் வானம்னு சொன்னதும் நான்தான். உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" நான் அவளுக்காகப் பரிந்து பேசி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது, அதற்குத்தான் அவள் அழுதாள்.

மகளிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்பது என் யோசனை. மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. தானே சொல்கிறேன் என்று மேலே போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து, கீறல் என்று நினைத்ததையும் துடைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். நான் கதவருகே நின்றேன். சிரிப்பாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. வேறு நாளாக இருந்தால் இந்தக் கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

"பரவாயில்லம்மா" என்றாள். பிறகு, "எனக்குன்னு வர்றது எதுவும் நிக்காது. விடுங்க" என்றாள்.

"நாளைக்கு மேகம் விலகிடும். நான் மறுபடியும்..."

"விடுங்கப்பா. படமெல்லாம் ஒண்ணும் வேண்டாம். யாருக்குக் காட்டப் போறோம்?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தக் கடைசிக் கேள்வியை அவள் மிகவும் அமைதியாகக் கேட்டாள். அன்றிலிருந்து மறுபடியும் பழையபடி ஆகிவிட்டாள். சாப்பாட்டைக் கொடுத்தால் சாப்பிடுவாள், மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குவாள். தாத்தா என்ற சொல்லை என் காதில் வைத்துக்கொண்டு நான் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மேகம் விலகுகிற வழியாக இல்லை. வால்நட்சத்திரம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வருகிறது, இன்னும் சில நாளில் வெறும் கண்ணுக்குத் தெரியாது என்று செய்தியில் சொன்னார்கள். தினமும் சாயங்காலம் நான் மாடிக்குப் போய் மேகத்தைத் திட்டிவிட்டு வந்தேன். பிறகு ஒரு மதியம் பேய் மழை கொட்டியது. நின்றதும் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது.

"இன்னைக்கு விடமாட்டேன்" என்று நான் ஸ்டாண்டை எடுத்தேன்.

மேஸ்திரி ஸ்டுடியோவின் ஆளுயரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு உட்காரும் முன் வாடிக்கையாளர்கள் தலை சீவிக்கொள்ளும் கண்ணாடி. சங்கிலியில் ஒரு சீப்பு தொங்கும். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்குள்ளேயே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "படத்தைக் கொண்டு போய்க் குடுத்தா வாங்கித் தலையணைக்கு அடியில வச்சுடுவா. படம் வேண்டாங்க. அதையே கொண்டு போய்க் காட்டுவோம்."

"எதை? வால்நட்சத்திரத்தையா?" எனக்குச் சிரிப்பு வந்தது. "தட்டுல வச்சா?"

"இதுல வச்சு" என்று கண்ணாடியைத் தட்டினாள்.

எங்கள் தெரு கோடு போட்டதுபோல் நேராக மேற்கே போகும். மகள் அறையின் பால்கனியிலிருந்து வெளியே எட்டிக் கழுத்தைத் திருப்பினால் தெருக்கோடி வானம் தெரியும். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவளுக்கு எதிர்வீட்டு மாடிதான் தெரியும். எழுந்து வந்து எட்டிப் பார் என்றால் அவள் வரமாட்டாள், நாங்களும் விடமாட்டோம். கண்ணாடியைப் பால்கனிக் கம்பியில் வெளியே தள்ளிச் சாய்த்துக் கட்டினால், மேற்கு வானம் மடங்கி அறைக்குள் வரும். எனக்கு இது தோன்றவே இல்லை. கேமராவுக்குள் கண்ணாடி வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான்.

கண்ணாடியை மாடிக்கு ஏற்றுவதற்குள் நான் நாலு பேரைத் திட்டிவிட்டேன். அதில் மூன்று பேர் நான்தான். மகள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இதெல்லாம்?" என்றாள். மேஸ்திரி கட்டிலில் ஏறி, மகளுக்குப் பக்கத்தில், அவள் தலையணையிலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அங்கிருந்து எனக்கு உத்தரவு போட்டாள்.

"கொஞ்சம் இடப்பக்கம். ரொம்ப இல்ல. தலையைத் தூக்குங்க. உங்க தலை இல்லங்க, கண்ணாடித் தலை. தாடையை இறக்குங்க. இப்ப ஆடாம நில்லுங்க."

நான் ஊரில் உள்ளவர்களையெல்லாம் படுத்திய பாடு எனக்கே திரும்பி வந்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். சிரிப்பை அடக்கத்தான் கடித்தாளா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கண்ணாடியைக் கம்பியோடு இறுக்கிக் கட்டினேன்.

வெயில் இறங்க ஆரம்பித்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. எதிரே மருந்துக்கடை. அதன் வாசலில் பச்சை விளக்குப் பலகை ஒன்று கண்ணைப் பறிக்கும். அந்தப் பலகையால் என் வாடிக்கையாளர்கள் எல்லாம் பச்சை முகத்தோடு வந்து நிற்கிறார்கள் என்று போன வருஷம் நான் மருந்துக்கடைக்காரரோடு சண்டை போட்டு, அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மகளின் மாத்திரைகளைக்கூட மேஸ்திரிதான் போய் வாங்கி வருவாள். பலகை எரிந்தால் கண்ணாடியில் பச்சைதான் தெரியும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

"சார், உங்க போர்டை..." என்று ஆரம்பித்தேன்.

"அதைப் பத்திப் பேசாதீங்க" என்றார் அவர்.

"கொஞ்ச நேரம் அணைச்சு வைக்க முடியுமா? என் பொண்ணு படுத்த இடத்துலயே அந்த வால்நட்சத்திரத்தைப் பார்க்கணும். கண்ணாடி கட்டியிருக்கேன்."

அவர் வெளியே வந்து எங்கள் பால்கனியையும், கம்பிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த கண்ணாடியையும் பார்த்தார். அவள் சாப்பிடும் மாத்திரை ஒவ்வொன்றும் அவர் கையால் எண்ணிக் கொடுத்தது. அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. உள்ளே போனார். பலகை அணைந்தது. கூடவே கடைக்குள் இருந்த விளக்குகளும் அணைந்தன. "நீங்க போங்க சார். நீங்க சொல்லாம போட மாட்டேன்" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. நன்றி சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு ஓடி வந்தேன்.

அறையில் விளக்கு இல்லை. மகளும் மேஸ்திரியும் ஒரே தலையணையில் இருந்தார்கள். கண்ணாடிக்குள் தெருவின் கோடி தெரிந்தது, ஆரஞ்சு வற்றிக்கொண்டிருந்தது. வெள்ளி வந்துவிட்டது. கண்ணாடியில் இடம் வலமாகிவிடும் என்பதால், இந்தத் தடவை வெள்ளிக்கு இடப்பக்கம் தேட வேண்டும். நானும் அவர்கள் தலைமாட்டில் குந்தித் தேடினேன். என் கண்ணுக்கு வழக்கம்போல ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்றும் இல்லை என்றால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"அம்மா" என்றாள் மகள். "நீ துடைச்ச கீறல் இதுவா பாரு."

மேஸ்திரி தலையைத் தூக்கினாள். "எங்கடி?"

"வெள்ளிக்கு இந்தப் பக்கம். ஒரு விரல் மேல. கீழ பொட்டு, மேல மாவு."

பிறகு எனக்கும் தெரிந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு, இத்தனை நேரம் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று ஆகிவிட்டது. மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் தலை கூர்மையாக, வால் மேல்நோக்கி அகன்று, நீலத்தில் நின்றது. நீலம் ஆழமாக ஆக, அது தெளிந்துகொண்டே வந்தது. கடலில் இருந்து மாப்பிள்ளை பார்த்தது இதைத்தான். இதை என் மகள் படுத்த படுக்கையில், எங்கள் கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கு" என்றாள். "வழியில எங்கயும் உடையாம."

மேஸ்திரி அவள் தலையைத் தடவினாள்.

"அப்பா, கேமரா எங்க?"

"கீழதான் இருக்கு. நீதான் மாடிக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு..."

"எடுத்துட்டு வாங்க."

படிகளை எப்படி இறங்கி ஏறினேன் என்று தெரியாது. மூச்சிரைக்கத் தலைமாட்டில் ஸ்டாண்டை விரித்து, கேமராவைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பினேன். "அதை மட்டும் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"என்னையும் சேர்த்து எடுங்க." அவள் போர்வையை விலக்கினாள். மெல்லப் பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "வயிறு தெரியணும்."

தொழில் என்று ஒன்று கையில் இருப்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். கண் கலங்கினாலும் கை அதன் வேலையைப் பார்த்தது. அவள் பக்கத்தில் இருக்கிறாள், கண்ணாடிக்குள் இருப்பது எங்கோ தூரத்தில் இருக்கிறது. இரண்டும் தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் குறையும், அதனால் படம் விழ நேரமாகும். நாலு வரை எண்ணும் நேரம் அவள் ஆடாமல் இருக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் வானம் செத்துவிடும். பால்கனிக் கதவு வழியாக வந்த கடைசி வெளிச்சம் அவள் நெற்றியிலும் வயிற்றிலும் விழுந்திருந்தது. வானத்து வெளிச்சமும் அவள் மேல் இருந்த வெளிச்சமும் ஒரே அளவில் இருக்கிற நேரம் அது. இன்னும் கொஞ்சம் போனால் அவள் இருளாகிவிடுவாள்.

"மூச்சைப் பிடிச்சுக்கோ" என்றேன். "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

அவள் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "உனக்கும்தான் சொல்றாங்க" என்றாள், கீழே குனிந்து பார்த்து. "அசையாம இரு. தாத்தா படம் எடுக்கிறார்."

பட்டனை அழுத்திவிட்டு நான் எண்ணினேன். எண்ணியது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. கேமரா தன் கணக்கில் மூடிக்கொண்டது. இன்னொன்று எடுப்பதற்குள் தெருக்கோடியின் புகைக்குள் அது இறங்கிவிட்டது. மேஸ்திரி பால்கனிக்குப் போய்க் கையசைத்தாள். எதிரே மருந்துக்கடைப் பலகை எரிந்து, எங்கள் அறை முழுதும் பச்சையானது. மகளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அம்மாவின் பச்சை முகத்தைப் பார்த்துச் சிரித்தாளா, கீறல் கதைக்கு நிலுவையில் இருந்த சிரிப்பா, தெரியவில்லை. "சிரிக்காதடி, குலுங்குது" என்று மேஸ்திரி அதட்டினாள். இருவரும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

கீழே வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கட்டில் கம்பி தெளிவாக இருந்தது. கண்ணாடியின் சட்டம், சங்கிலியில் தொங்கும் சீப்பு, அதற்கு மேலே வாலோடு நிற்கும் வால்நட்சத்திரம், எல்லாம் தெளிவாக இருந்தன. மகளின் நெற்றியில் விழுந்த ஒவ்வொரு முடியும் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு இருந்தது. வயிற்றின் மேல் இருந்த கை மட்டும் கலங்கியிருந்தது.

மேஸ்திரியின் மௌஸ் வழக்கம்போல நேராக அங்கேதான் போனது. "கை ஆடியிருக்கு" என்றாள்.

"அவ அசையவே இல்ல" என்றேன். "முகத்தைப் பாரு. மூச்சுகூட விடல."

அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். விரல்கள் அதே இடத்தில்தான் இருந்தன. அடியிலிருந்து ஏதோ முட்டியதில் மேலே எழும்பியிருந்தன. நாங்கள் இருவரும் அந்தக் கலங்கலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேத்தியோ பேரனோ, எங்கள் ஸ்டுடியோ அதை எடுத்த முதல் படம். தாத்தா சொல் கேட்காமல் ஆடிவிட்டது.

மேலே இருந்து மகளின் குரல் வந்தது. இத்தனை மாதத்தில் அவள் இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. "அம்மா, அதுல எதையாவது துடைச்சே, அவ்வளவுதான்."

"துடைக்கலடி" என்று மேஸ்திரி கத்தினாள். மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கார்டைக் கேமராவிலிருந்து உருவி, கைக்குட்டையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்து மிச்ச வேலை இருக்கே, கார்டு?" என்று கேட்டேன்.

"வேற வாங்கிக்கங்க" என்றாள். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன் போய்ப் புதுக் கார்டு வாங்கி வந்தேன். வரும் வழியில் மருந்துக்கடையிலும் ஏறி, மகளுக்கு வேண்டிய மாத்திரையை நானே கேட்டு வாங்கினேன்.